வியன்னாவில் ஐந்து இரவு: எந்தக் கச்சேரி, எந்த அரங்கம், எந்த இடம்?

பைரவி_ரசிகன்
நவம்பர் மத்தியில் வியன்னாவில் ஐந்து இரவு, ஆள் இருவர். பீத்தோவன், பிராம்ஸ் வரை காது பழகியிருக்கிறது. 20ஆம் நூற்றாண்டில் எழுதியதும் இன்று எழுதுவதும் புதிது, ஆனால் கேட்க ஆசை உண்டு. டிக்கெட் எப்படி வாங்குவது, தங்க மண்டபத்தில் எந்த இடம் எடுப்பது, நவீன இசைக்கு எங்கே போவது? செலவு குறையும் என்றால் நின்று கேட்கவும் தயார்.

மரப்பலகை
மண்டபத்தின் படத்தைப் பார்த்து டிக்கெட் எடுக்காதீர்கள். அன்றைக்கு என்ன வாசிக்கிறார்கள் என்று பாருங்கள், அதற்கு அந்த அரங்கம் பொருந்துமா என்று பாருங்கள், பிறகு எடுங்கள். வியன்னாவில் பலர் தவறுவது இங்கேதான்.

தங்க மண்டபம் என்பது மூஸிக்ஃபெராய்ன் கட்டடத்தின் பெரிய அரங்கம். தியோஃபில் ஹான்சன் வடிவமைத்தது, 1870 ஜனவரி 6 அன்று திறந்தது. நீளம் ஏறக்குறைய 49 மீட்டர், அகலம் 19, உயரம் 18க்குக் கொஞ்சம் குறைவு. ஷூ வாங்கும்போது தருகிற அட்டைப் பெட்டியின் வடிவம். அகலம் இவ்வளவு குறைவாக இருப்பதால் பக்கச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி, மேடையிலிருந்து நேராக வரும் ஒலியின் காலடியிலேயே வந்து சேர்கிறது. காது அதைத் தனி எதிரொலியாகப் பிரிப்பதில்லை. இசை நம்மைச் சுற்றிலும் இருப்பதுபோல எடுத்துக்கொள்கிறது. பால்கனி விளிம்பு, தங்கப் பூச்சுப் பெண் சிலைகள், கட்டம் கட்டமான கூரை எல்லாம் ஒலியைச் சிதறடிப்பதால் எந்த ஒரு மூலையிலும் அது முட்டி நிற்பதில்லை. அந்தச் சிலைகள் ஆரம்பத்தில் பால்கனியைத் தாங்கிய தூண்கள். 1911-ல்தான் சுவரோடு ஒட்டி நகர்த்தினார்கள், அதுவரை பலருக்கு மேடையை மறைத்துக்கொண்டிருந்தன.

கூட்டம் நிறைந்திருக்கும்போது ஒலி அடங்க சுமார் 2 வினாடி ஆகும். காலியாக இருந்தால் 3 வினாடி அளவுக்கு நீளும். ஆட்களின் உடம்பும் உடையும் ஒலியைக் குடிப்பதால் இந்த வித்தியாசம். பிராம்ஸின் 2ஆம் சிம்பொனி 1877 டிசம்பர் 30 அன்றும், ப்ரூக்னரின் 8ஆம் சிம்பொனி 1892 டிசம்பர் 18 அன்றும் முதன்முதலில் ஒலித்தது இந்த அறையில்தான். ப்ரூக்னர் முழு வாத்தியக் குழுவையும் உச்சத்தில் நிறுத்தி, ஒரு மௌனம் விட்டு, அப்புறம் ஆரம்பிப்பார். அந்த மௌனத்தை அறையே நிரப்புவதை இங்கே கேட்கலாம். ஆனால் தாள வாத்தியம் அடுக்கடுக்காக வரும் நவீனப் படைப்போ ஸ்பீக்கர் வைத்து வாசிப்பதோ என்றால், அதே 2 வினாடி ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து எல்லாவற்றையும் குழப்பிவிடும்.

கீழ்ஸ்தாயி
இடத்தைப் பற்றி நான் சொல்கிறேன்.

கீழ்த்தளம் (பார்ட்டேர்) சரிவில்லாத சமதரை. ஜனவரியில் நாற்காலிகளை எடுத்துவிட்டு அங்கே வியன்னா ஃபில்ஹார்மோனிக் வாத்தியக் குழுவின் நடன விருந்து நடத்துகிறார்கள் என்பதிலிருந்தே புரிந்துகொள்ளலாம். பத்தாவது வரிசைக்குப் பின்னால் உட்கார்ந்தால் முன்னால் இருப்பவரின் தலையைத்தான் பார்ப்பீர்கள். ஒலிக்குக் குறை இல்லை. முதல் மூன்று நான்கு வரிசையில் வயலின்கள் நெருக்கமாகவும் மர ஊதுகருவிகள் தலைக்கு மேலே எங்கோ போவதுபோலவும் இருக்கும், கலவை சேராது.

பக்கவாட்டு பால்கனிப் பெட்டிகளில் முதல் வரிசை மட்டும் எடுங்கள். இரண்டாவது, மூன்றாவது வரிசை என்றால் எழுந்து நின்றால்தான் மேடை தெரியும், அதுவும் பாதி மேடை. விலை குறைவாக இருக்கக் காரணம் இதுதான். பார்ப்பது முக்கியமில்லை, கேட்டால் போதும் என்பவருக்கு அது நல்ல பேரம்.

பின்சுவரை ஒட்டிய நடு பால்கனியின் முதல் வரிசைகள்தான் காதுக்கும் கண்ணுக்கும் சேர்ந்து நிறைவு தருபவை. சீக்கிரம் போய்விடும்.

மேடைக்குப் பின்னால் ஆர்கன் பால்கனியிலும் இடம் உண்டு. நடத்துநரின் முகம் நேராகத் தெரியும், அவர் இடது கையால் யாரை அடக்குகிறார், எந்தக் கணத்தில் யாரைக் கண்ணால் கூப்பிடுகிறார் என்று பார்க்கலாம். ஆனால் ஹார்னும் (சுருண்ட பித்தளைக் குழல்) டிரம்பெட்டும் டிம்பனியும் (பெரிய முரசு) மடியில் வைத்ததுபோல் கேட்கும், வயலின் தள்ளிப் போய்விடும். பாடகர் இருக்கிற கச்சேரிக்கு அங்கே போகவே போகாதீர்கள். குரல் எதிர்ப்பக்கம் போகும், முதுகுதான் உங்களுக்கு.

நிற்கும் இடம் கீழ்த்தளத்தின் கடைசியில், சுமார் 300 பேருக்கு. முன் கம்பியைப் பிடித்தவருக்குத்தான் பார்வை. இரண்டாவது வரிசைக்கு உயரம் வேண்டும். கதவு திறக்கும் நேரத்துக்கு முன்பே வாசலில் நில்லுங்கள்.

யாழ்வழி
வணக்கம் அண்ணை. ரிக்கெற் விசயம் நான் எழுதுறன்.

ஸ்டெஃபான் தேவாலயத்தடியிலும் ஓபராவுக்கு முன்னாலும் சிவப்பு அங்கியும் வெள்ளை விக்கும் போட்ட ஆக்கள் உங்களை மறிச்சு ரிக்கெற் விற்பினம். அது சுற்றுலாக்காரருக்கான நிகழ்ச்சி. அதில் சிலது தங்க மண்டபத்திலேயேயும் நடக்கும், வாசிக்கிறவையும் வேசம் போட்டுத்தான் வாசிப்பினம். ஆனால் அங்கை மோட்ஸார்ட்டின்ர ஒரு முழுச் சிம்பொனி கேட்க வராது. ஒரு பகுதி, பிறகு ஒரு ஆரியா (ஓபராவிலை வாற தனிப்பாட்டு), பிறகு வேறை ஒன்றின்ர கடைசிப் பகுதி எண்டு துண்டு துண்டாய்த்தான் வரும். நீங்கள் கேட்கப் போறது இசை எண்டால் மூஸிக்ஃபெராய்ன், கொன்செர்ட்ஹவுஸ் (மற்றக் கச்சேரி மன்றம்), ஸ்டாட்ஸோப்பர் (அரச ஓபரா) மூன்றின்ர சொந்த இணையத்தளத்திலையே வாங்குங்கோ. மூன்றாம் ஆளிட்டை வாங்கினால் அதே கதிரைக்குக் கூடக் காசு.

வியன்னா ஃபில்ஹார்மோனிக்கின்ர சந்தாக் கச்சேரி சனிக்கிழமை பின்னேரம் 3.30, ஞாயிறு காலை 11. பின்னேரக் கச்சேரி எண்டால் 7.30 எண்டு நினைச்சுக்கொண்டு போய் ஏமாறுறவை இருக்கினம். சந்தாக்காரர் வருசக்கணக்காய் வைச்சிருக்கிற இடங்கள், அதாலை பொது விற்பனைக்கு வாறது கொஞ்சம். கச்சேரிக் கிழமையில் தளத்தைத் திரும்பத் திரும்பப் பாருங்கோ, திருப்பிக் குடுத்த ரிக்கெற் ஒண்டு இரண்டு ஏறும்.

புத்தாண்டுக் கச்சேரியை இப்ப யோசிக்கவே வேண்டாம். அதுக்குப் பெப்ரவரி மாதம் ஃபில்ஹார்மோனிக்கின்ர தளத்தில் பதிஞ்சு குலுக்கலில் விழவேணும்.

பைரவி_ரசிகன்
அப்படியானால் ஃபில்ஹார்மோனிக்கைக் கேட்க வழியே இல்லையா?

நான்காம்_தந்தி
இருக்கிறது, பலருக்குத் தெரியாத வழி. ஸ்டாட்ஸோப்பரில் மேடைக்கு முன்னால் வாத்தியக் குழு உட்காரும் குழியில் அனேகமாக ஒவ்வோர் இரவும் வாசிப்பது அந்த ஆட்கள்தான். ஓபராவின் வாத்தியக் குழுவில் சேர்ந்து குறைந்தது மூன்று வருடம் வாசித்த பிறகுதான் ஒருவர் ஃபில்ஹார்மோனிக் சங்கத்தில் உறுப்பினராக விண்ணப்பிக்க முடியும். ஆகவே ஓபராவுக்கு ஒரு ஸ்டாண்டிங் டிக்கெட் எடுத்தால் அதே வயலின், அதே ஹார்ன். வருடத்தில் பத்து மாதம், அனேகமாக நாள்தோறும் நிகழ்ச்சி, அடுத்தடுத்த நாள் வேறு வேறு ஓபரா.

ஸ்டாண்டிங் டிக்கெட் நிகழ்ச்சி நாளன்று விற்கப்படுவது. விதிமுறை சீசனுக்குச் சீசன் மாறுவதால் போகிற வாரத்தில் தளத்தைப் பார்த்துவிடுங்கள். கீழ்த்தளத்து நிற்குமிடம் நடுப் பெட்டிக்கு நேர் கீழே இருக்கிறது. பல நூறு யூரோ கொடுத்து உட்காருகிறவருக்குக் கிடைக்கும் அதே நேர்ப் பார்வை. உச்சி மாடமான காலரியிலும் நிற்கலாம், ஒலி அங்கே இன்னும் நன்றாகக் கலந்து வரும், ஆனால் பக்கவாட்டில் மாட்டினால் மேடை தெரியாது. நிற்பவர் முன்னால் கைப்பிடிக் கம்பியில் மொழிபெயர்ப்புக்குச் சின்னத் திரை இருக்கும். இடம் பிடித்தவுடன் கம்பியில் ஒரு துப்பட்டாவோ மஃப்ளரோ கட்டிவிட்டு வெளியே போய் வரலாம், அது அங்கே எழுதப்படாத சட்டம், யாரும் அவிழ்க்க மாட்டார்கள். துணிதான் கட்ட வேண்டும், பையோ கோட்டோ வைத்து இடம் பிடிப்பது செல்லாது.

காலணி மெத்தென்று இருக்கட்டும். வாக்னரின் மைஸ்டர்சிங்கர் என்றால் இசை மட்டுமே நாலரை மணி நேரம், இடைவேளை தனி. முதல் தடவைக்கு மோட்ஸார்ட் அல்லது புச்சீனி எடுங்கள்.

ஓபோ_நாணல்
ஹார்ன் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும், கேட்கப் போகிறவருக்கு இது தெரிந்தால் காது வேறு மாதிரி திறக்கும்.

மற்ற ஊர்களில் இரட்டை ஹார்ன், அதாவது நீளம் வேறான இரண்டு குழாய்த் தொகுதி ஒன்றாகச் சேர்ந்தது, வாசிக்கிறார்கள். வியன்னாவில் இன்னமும் எஃப் சுருதியிலான ஒற்றை ஹார்ன். குழாயின் நீளம் ஏறக்குறைய 3.7 மீட்டர். நீளம் கூடக் கூட மேல் ஸ்தாயியில் இயற்கையான சுரங்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக வந்துவிடும். உதடு ஒரு மயிரிழை பிசகினால் பக்கத்துச் சுரத்தில் விழும். அந்த ஆபத்தைத் தெரிந்தேதான் விடாமல் வைத்திருக்கிறார்கள், அந்த நாதம் வேறு குழாயில் வராது என்பதால். வால்வும் வேறு, சுழலும் வகை இல்லை, இரட்டைப் பிஸ்டன். ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்குப் போகும்போது வெட்டு விழாமல் வழுக்கிப் போகும். கமகம் கேட்டுப் பழகியவருக்கு இந்த வழுக்கல் உடனே பிடிபடும். பிராம்ஸ் 2ஆம் சிம்பொனியில் முதல் பகுதியின் கடைசியை நெருங்கும்போது ஒரு நீண்ட ஹார்ன் தனி வரும், அதில் கவனியுங்கள்.

ஓபோவும் (நாணல் வைத்து ஊதும் மரக்கருவி) வியன்னாவுக்கே உரிய வகை. டிம்பனியில் பிளாஸ்டிக் தோல் இல்லை, ஆட்டுத் தோல். அடி விழுந்ததும் நாதம் உருண்டு வரும், சுள்ளென்று அறையாது.

கீழ்ஸ்தாயி
வியன்னாவின் பளிச்சென்ற நாதத்துக்கு சுருதி கூடுதலாக இருப்பதுதான் காரணம் என்று வழக்கமாகச் சொல்வார்களே?

ஓபோ_நாணல்
சுருதி கூடுதல் என்பது உண்மை. எல்லோரும் சுருதி சேர்க்கும் ஏ சுரம் 440க்குப் பதில் 443 ஹெர்ட்ஸ். ஆனால் அது அரைச் சுரத்தில் எட்டில் ஒரு பங்கு மட்டும்தான். நாதத்தின் நிறத்தை மாற்றுவது கருவிகளின் உடம்பு.

மரப்பலகை
அவர் கேட்ட நவீன இசைக்கு வருவோம். நவம்பர் என்றால் சரியான மாதம். வீன் மொடேர்ன் விழா அப்போதுதான். 1988-ல் நடத்துநர் கிளாடியோ அபாடோ தொடங்கியது, கிட்டத்தட்ட ஒரு மாதம் ஊரின் பல அரங்குகளில் நடக்கும். க்ளாங்ஃபோரம் வீன் (பீட் ஃபூரர் 1985-ல் நிறுவிய குழு), ஆஸ்திரிய வானொலியின் சிம்பொனி வாத்தியக் குழு இரண்டையும் நிரலில் தேடுங்கள். முதலில் கொன்செர்ட்ஹவுஸைப் பாருங்கள், தங்க மண்டபத்தைத் தவிருங்கள்.

நான்காம்_தந்தி
கடைசி வரியை மட்டும் மறுக்கிறேன், மரப்பலகை ஐயா. நவீன இசை என்று ஒரே மூட்டையாகக் கட்ட முடியாது. 1913 மார்ச் 31 அன்று இசையமைப்பாளர் ஷோன்பெர்க் நடத்திய கச்சேரி, அவருடைய மாணவர் பெர்க்கின் பாட்டு நடுவில் அடிதடியாகி பாதியில் நின்றதே, அது நடந்தது தங்க மண்டபத்தில்தான். அன்று முதலில் வாசித்தது இன்னொரு மாணவர் வெபர்னின் ஆறு துண்டுகள், ஓபஸ் (படைப்பு எண்) 6. அதன் நான்காவது துண்டு ஒரு சவ ஊர்வலம். பெரிய டிரம்மும் டாம்-டாம் என்ற பெரிய வெண்கலச் சேகண்டியும், எங்கோ தொலைவில் ஒலிக்கும் தாழ்ந்த மணிகளும், கேட்கிறதா இல்லையா என்ற அளவில் ஆரம்பிக்கும். கடைசியில் தாள வாத்தியம் மட்டும் ஏறி ஏறி உடைந்து நிற்கும். அந்த ஆரம்ப முனகல் வரண்ட ஒலியுள்ள சின்ன அறையில் வெறும் சத்தம். தங்க மண்டபத்தில் அது இருட்டு மாதிரி எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் பரவும். வெபர்ன், பெர்க், மாலர் மூவரையும் அங்கேயே கேளுங்கள். மாலரின் 9ஆம் சிம்பொனியை அவர் இறந்த அடுத்த வருடம், 1912-ல் ப்ரூனோ வால்ட்டர் முதன்முதலில் நடத்தியதும் அந்த மேடையில்தான்.

மரப்பலகை
ஏற்றுக்கொள்கிறேன், மூட்டையாகக் கட்டியது என் தப்பு. இப்படிப் பிரிக்கலாம்: ஸ்பீக்கர் இல்லாத, பெரிய வாத்தியக் குழுவுக்கு எழுதியது எந்த ஆண்டினதாக இருந்தாலும் தங்க மண்டபம் தாங்கும். மைக்கும் ஸ்பீக்கரும் உள்ளது, தாள வாத்தியமே பிரதானமானது, பத்திருபது பேர் நுணுக்கமாக வாசிப்பது இதெல்லாம் சிறிய அரங்குக்கு.

கொன்செர்ட்ஹவுஸ் 1913 அக்டோபரில் திறந்தது. ஆரம்பத்திலிருந்தே மூன்று அரங்கம், ஒரே நேரத்தில் மூன்றிலும் கச்சேரி நடந்தாலும் ஒன்றின் ஒலி மற்றொன்றில் கேட்காதபடி கட்டினார்கள். பெரிய அரங்கம் சுமார் 1,800 இருக்கை, மோட்ஸார்ட் அரங்கம் 700, ஷூபர்ட் அரங்கம் அதில் பாதி. பிற்பாடு சேர்த்தது பெரியோ அரங்கம், அது நவீன இசைக்கென்றே சொல்லலாம். தந்தி வாத்திய நால்வர் குழுவுக்கு மோட்ஸார்ட் அரங்கம். வெபர்னின் ஓபஸ் 9, ஆறு சிறு துண்டுகள், ஆறும் சேர்ந்து நாலைந்து நிமிடம்தான். தந்திகளைத் தாங்கும் பாலத்தின் மேலேயே வில்லை உரசி எடுக்கும் அந்தக் கரகரப்பு பின்வரிசை வரை வருகிறது என்றால் அந்த அறையின் சிறப்பு அது.

ஒலிபெருக்கிகளை அரங்கைச் சுற்றி வைத்து வாசிக்கும் படைப்பு என்றால் நடுவில் உட்காருங்கள். ஓரத்தில் இருந்தால் பக்கத்து ஸ்பீக்கர் ஒன்றே மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடும். பால்கனியின் அடியில் உட்கார்ந்தால் மேலிருந்து வருவது கிடைக்காது.

டிக்கெட் இந்த விழாவுக்குப் பெரும்பாலும் கடைசி வாரம் வரை கிடைக்கும். வயது 27க்குள் என்றால் கொன்செர்ட்ஹவுஸிலும் ஓபராவிலும் தனிச் சலுகை உண்டு, அடையாள அட்டை எடுத்துப் போங்கள்.

பைரவி_ரசிகன்
மிக்க நன்றி. ஞாயிறு காலை ஃபில்ஹார்மோனிக் டிக்கெட் கிடைத்தால், அதற்கு முன் சிறுவர் பாடகர் குழுவின் திருப்பலியும் கேட்க முடியுமா? உடை, நடத்தை பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

யாழ்வழி
ஹோஃப்பூர்க் அரண்மனைச் சிற்றாலயத்தில் ஞாயிறு 9.15க்குத் தொடங்கும். ஹைடன், மோட்ஸார்ட், ஷூபர்ட் எழுதின பூசைப் பாட்டு, வாத்தியம் ஃபில்ஹார்மோனிக் ஆக்கள். பாடுற பிள்ளையள் மேல் மாடத்தில் நிற்பினம், கனக்க இருக்கைகளிலை இருந்து தெரியாது. அது பூசை, கச்சேரி இல்லை. முடியும் வரைக்கும் எழும்பி வரக்கூடாது. முடிஞ்ச உடனை கால்நடையாய் மூஸிக்ஃபெராய்னுக்குக் கால் மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட. கோட்டைக் குடுத்துக் கதிரைக்குப் போக 11க்குச் சரியாய் இருக்கும், பூசை கொஞ்சம் நீண்டால் பிந்திப்போகும். இரண்டையும் வேறை வேறை ஞாயிறு வைக்கேலாது எண்டால் கச்சேரியைத் தெரிவு செய்யுங்கோ. பூசை இசை மட்டும் போதும், கச்சேரி இல்லை எண்டால் அவுகுஸ்டீனர் தேவாலயத்தில் ஞாயிறு 11க்கு வாத்தியக் குழுவோடை பூசை, ரிக்கெற் தேவையில்லை.

கீழ்ஸ்தாயி
உடைக்குப் பயப்பட வேண்டாம். கருப்புச் சட்டை, சுத்தமான பேன்ட், புடவை எதுவும் சரி. நவம்பர் குளிருக்குப் போடும் கனத்த கோட்டை மட்டும் கோட்டு வைக்கும் இடத்தில் கொடுத்துவிட வேண்டும், அதற்கு வரிசை நிற்கும் நேரத்தையும் கணக்கில் சேருங்கள். கார்ல்ஸ்ப்ளாட்ஸ் மெட்ரோ நிலையம் மூஸிக்ஃபெராய்னுக்கும் ஓபராவுக்கும் பொது. கொன்செர்ட்ஹவுஸுக்கு யு4 வழித்தடத்தில் ஸ்டாட்பார்க். இரண்டு கச்சேரி மன்றங்களுக்கும் இடையே பத்து நிமிட நடை.

தாமதமாகப் போனால் இடைவேளை வரை கதவு திறக்காது. ப்ரூக்னர் 8 மாதிரி எண்பது நிமிடம் இடைவேளையே இல்லாமல் போகும் நிரலுக்கு ஐந்து நிமிடம் தாமதம் என்றால் டிக்கெட்டே வீண்.

பகுதிக்கும் பகுதிக்கும் நடுவே கைதட்டுவதில்லை. சாய்கோவ்ஸ்கி 6-ல் மூன்றாம் பகுதி முடியும்போது எல்லாம் முடிந்ததுபோலவே இருக்கும், முடியவில்லை. மாலர் 9 சத்தமே இல்லாமல் கரைந்து முடிவது. நடத்துநர் கையைக் கீழே விடும்வரை கை தட்டாமல் இருங்கள். இன்னொன்று, நம்மவர்கள் தொடையில் தாளம் போடுவது அனிச்சையாக வரும். அங்கே தரையும் இருக்கையும் மரம், மோதிரம் தட்டினால் நாலு வரிசைக்குக் கேட்கும். விரலை மடக்கிக்கொள்ளுங்கள். இருமல் மிட்டாயின் காகிதத்தை முன்கூட்டியே உரித்து வைத்துக்கொள்ளுங்கள், மெதுவாகப் பிரிப்பதுதான் அதிகத் தொல்லை.

நான்காம்_தந்தி
விழா நிரலில் கேயார்க் ஃப்ரீட்ரிஷ் ஹாஸ் எழுதிய 'இன் வேன்' என்ற படைப்பு எந்த வருடமாவது வந்தால் விடாதீர்கள். 2000-ல் க்ளாங்ஃபோரமுக்காக எழுதியது, 24 பேர், ஒரு மணி பத்து நிமிடம். நடுவில் இரண்டு இடங்களில் அரங்கம் முழு இருட்டாகும். வாசிப்பவர்களுக்கும் தாளில் ஒன்றும் தெரியாது, நடத்துநரும் தெரியமாட்டார். அந்தப் பகுதிகளை மனப்பாடமாக, ஒருவரை ஒருவர் காதால் பிடித்து வாசிக்கிறார்கள். ஒரே அடிச்சுரத்தின் மேல் அதன் இயற்கையான மேற்சுரங்களை அடுக்கிக்கொண்டே போவார். தம்பூராவில் தந்தி சரியாகச் சேர்ந்தால் மீட்டாத காந்தாரம் தானாகக் கேட்குமே, அதே காந்தாரம் அங்கே வாத்தியங்களில் வரும். பியானோவின் காந்தாரத்தைவிடக் கொஞ்சம் தாழ்ந்து. மேற்கத்தியக் காதுக்கு அது விநோதம், உங்களுக்குப் பழகினது.

அந்த இருட்டில் ஒரு செல்போன் திரை ஒளிர்ந்தால் அரங்கம் முழுவதற்கும் அது போய்விட்டது. சைலன்ட் போதாது, முழுதாக அணைக்க வேண்டும். கையைத் தூக்கினால் தானே விழிக்கும் ஸ்மார்ட் வாட்ச் அதைவிட மோசம், ஏனென்றால் கட்டியிருப்பவருக்கு ஞாபகமே இருக்காது. கழற்றிக் கோட்டுப் பையில் போட்டு, கோட்டோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.